தூங்கும் குஞ்சுகள்

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்று கேட்பது நம்மவர் வழக்கம். தாயின் கண்டிப்பினாற் பிள்ளைக்குக் கேடு வராது என்பதே அதன் கருத்து. கருத்தோடு நமக்குப் பிணக்கில்லை. ஆயினும், கோழி வளர்த்துப் பார்த்தவர்கள் இவ்விடத்திற் சற்றே புன்னகை செய்வார்கள். கனத்த பேட்டுக்கோழியொன்று, பொரித்து ஒரு நாளேயான குஞ்சின்மேற் காலூன்றி அதனை முடமாக்கிவிடுவதும் எப்போதோ ஒருமுறை நிகழத்தான் செய்கிறது. அதனினும் ஆபத்தானது தாயின் கால் நாள்தோறும் செய்யும் வேறொரு காரியம். அது மண்ணைக் கிளறுவது. கிளறிக் காட்டி, ‘கொக்கொக்’கென்று அழைத்து, ‘இதைத் தின்னுங்கள்’ என்று தாய் கற்பிக்கும் முதற்பாடம் அதுதானே! மண் உலர்ந்திருக்கும் வரையிற் பாடம் நல்லது. மழை பெய்து வளவு ஊறிவிட்டதாயின், அன்பு மிகுந்த அந்தத் தாயே தன் குஞ்சுகளை நோயின் வாயிலுக்கு அழைத்துச் செல்பவளாகிறாள்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெறுங்கையோடு வருவதில்லை. 21 நாள் அடைக்காலத்தின் முடிவில், எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட பின்னரே அது ஓட்டை உடைக்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு நாளைக்குக் குறையாமற் போதும். ஆகவே, பொரித்த அன்றே தின்னவில்லையென்று அஞ்சி, அலகைப் பிரித்துத் தீன் திணிப்பது வேண்டாத வேலை. அதற்கு உடனே வேண்டுவது சூடு. முதல் வாரத்தில் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை அளவிற் குறைத்து வரலாம். தாயோடிருக்கும் குஞ்சுக்கு இக்கணக்கெல்லாம் தாயின் பொறுப்பு. தாயில்லாத குஞ்சுகளை வளர்ப்போர்க்கும் வெப்பமானியை விடச் செவியே சிறந்த துணை. குளிர்ந்தால் அவை ஒன்றன்மேலொன்று ஏறி, இடைவிடாது கீச்சிட்டுக் கத்தும். சூடு மிஞ்சினால் அலகைத் திறந்து இளைத்தபடி விலகிப் படுக்கும். அளவாயிருந்தாற் பரவிப் படுத்துக்கொண்டு மெல்லிய குரலிற் பேசிக்கொண்டிருக்கும். சிலவற்றின் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து வழியை அடைத்துவிடுவதுண்டு. இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் ஊறவைத்து மெல்ல எடுக்கவேண்டும். பிய்த்தாற் தோலும் உடன்வரும்.

2022ஆம் ஆண்டை நம் நாட்டில் எவரும் மறந்திரார். கோழித்தீன் அரிதாகி, முட்டை விலை ஏறி, பிள்ளைகளின் சோற்றுக் கோப்பையில் முட்டையைக் காண்பதே அதிசயமான காலம் அது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் எமது வளவில் ஓர் ஊர்க்கோழி அடைகிடந்தது. பிள்ளைகளின் அப்பாச்சி 13 முட்டைகள் வைத்தார். ஒற்றைப்பட வைப்பதே அவருக்கு வழக்கம். ஒன்று கூழாயிற்று, ஒன்று ஓட்டுக்குள்ளேயே இறந்தது. 11 குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றுள் ஐந்து பேடுகளாக அமைந்தாலே அடுத்த ஆண்டு வீட்டுக்கு முட்டைக் கவலையில்லை என்று பெரியவர்களாகிய நாம் கணக்குப் போட்டோம். எமது இளைய மகளின் கணக்கு வேறு. அவள் 11 குஞ்சுகளுக்கும் 11 பெயர் சூட்டினாள். முதுகிற் கரும்புள்ளி கொண்ட ஒன்றுக்குப் ‘புள்ளிச்சி’ என்று பெயர்.

டிசெம்பர் முற்பகுதியில் வங்கக் கடலிற் புயல் எழுந்து, கடுங்குளிர் வீசிற்று. வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் அக்குளிரில் மாண்டன. மாடு தாங்காத குளிரை எமது குஞ்சுகள் தாயின் சிறகடியிலிருந்து தாங்கிவிட்டன, ஒன்றேனும் சாகவில்லை. மாரி மழையில் ஊறிய நிலந்தான் உலரவில்லை. கரப்பின் அடியிலும், வேலிக்கரையிலும், கோடியிலும் எங்கு காலை வைத்தாலும் ஈரம்.

ஒரு வாரம் கழிந்தது. ஒருநாட் காலை, புள்ளிச்சி மற்றவற்றோடு ஓடாமற் தனியே நின்றது. சிறகுகள் தொங்க, மயிர் சிலிர்க்க, கண்களை மூடி நின்றது. ‘குஞ்சு தூங்குது’ என்றார் அப்பாச்சி. எமது பக்கத்திற் கோழிக்கு நோய் கண்டதை அவ்வாறே சொல்வார்கள். சொல்லும்போது குரலும் சற்றே தாழும். மாலையில் இன்னொன்றும் தூங்கலாயிற்று. கரப்பைத் தூக்கிப் பார்த்தபோது எச்சத்தில் இரத்தம் தெரிந்தது.

அந்த எச்சத்தைத் தாளில் மடித்தெடுத்துக்கொண்டு அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் சென்றோம். அவர் இது ‘கொக்சிடியோசிஸ்’ என்றார். நம்மவர் இரத்தக் கழிச்சல் என்பது இதுவே. கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி குஞ்சின் குடற்சுவரிற் புகுந்து பெருகி, அதனைக் கிழித்துக்கொண்டு வெளிவருகிறது. எச்சத்தோடு மண்ணில் விழும் அதன் வித்து, விழுந்தவுடன் தீங்கு செய்யாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றி நஞ்சாகிறது. பின்னர்த் தாய் கிளறிக் காட்டும் இடத்திற் கொத்தும் குஞ்சு அதையும் சேர்த்து விழுங்குகிறது. ஐந்தாம் நாளளவில் இரத்தம் போகும். எட்டு ஒன்பது நாள் கடந்தும் உயிரோடிருக்கும் குஞ்சு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எந்த நாளில் விழுங்கியது என்பதை யார் அறிவார்? ஆயினும் அன்றிலிருந்து நாம் நாட்களை எண்ணத் தொடங்கினோம்.

வைத்தியர் சொன்னவற்றுள் மருந்து கொடுப்பது எளிதாயிருந்தது. நோய் கண்டவற்றைப் பிரித்து வைப்பதுதான் வீட்டில் வழக்காயிற்று.

“பிள்ளை, அதைத் தாயோடை விடு. தாய்ச்சூடு பட்டால் எழும்பிவிடும்” என்றார் அப்பாச்சி. அவருடைய எண்பது ஆண்டு அனுபவத்தைப் புறந்தள்ள எமக்கு மனமில்லை. அதிற் பாதி உண்மையுமிருந்தது. தாய்ச்சூட்டுக்கு நிகராக நாம் எதனைக் கொடுத்துவிட முடியும்? ஆனால், நோய்க்குஞ்சு தாயின் சிறகடியிற் போடும் எச்சம் மற்றைய ஒன்பதின் காலடியில் விழும். ஒன்றின் ஆறுதலுக்காக ஒன்பதைப் பணயம் வைப்பதா என்பதே கேள்வி. விறாந்தையின் மூலையில் ஒரு கடகத்தில் உமி பரப்பி, இரண்டு நோய்க்குஞ்சுகளையும் அதில் விட்டோம்.

அன்றிரவு எவரும் சரியாக உறங்கவில்லை. உள்ளே புள்ளிச்சி கத்தும்; வெளியே கரப்புக்குள்ளிருந்து தாய் மறுமொழி சொல்லும். கத்துவதற்கும் வலுவின்றி அது ஓயும்போது, அந்த மௌனம் கத்தலிலும் கொடிதாயிருந்தது. மகள் பாயில் எழுந்திருந்து, “அப்பா, அது தாயைக் கேக்குது. ஒருக்கா மட்டும் விடுவமே?” என்றாள். ‘விடக்கூடாது, பிள்ளை’ என்று சொல்லிவிட்டோம். மூன்றாம் நாள் இன்னும் இரண்டு கடகத்துக்கு வந்தன. 

நோயுற்ற குஞ்சு தின்னாது. நீர் மட்டும் ஓரளவு குடிக்கும். ஆதலால் மருந்தை நீரிலே கலந்து, வேறு நீர் எதுவும் வைக்காமல் விடவேண்டும். நலமாயிருந்த குஞ்சுகளுக்கும் அதே நீர்தான். குடிக்க வலுவில்லாததன் அலகு நுனியை நீரில் தோய்த்துவிட்டால் அது தானே தலையை நிமிர்த்தி விழுங்கும். அன்பு மிகுதியால் வாயைப் பிளந்து கரண்டியால் ஊற்றுவோர் பலர். நீர் மூச்சுக்குழாயிற் போய், நோய் கொல்லுமுன் நாமே கொன்றவராவோம். மின்வெட்டு நீடித்த காலமாதலின் மின்குமிழை நம்பியிருக்க இயலவில்லை. போத்தலில் வெந்நீர் நிரப்பி, பழைய சாறத்துண்டாற் சுற்றிக் கடகத்துள் வைத்தோம். மூன்று மணிக்கொருமுறை மாற்றினோம். குஞ்சுகள் அந்தப் போத்தலைத் தாயென்று எண்ணினவோ என்னவோ, அதில் ஒட்டிக்கொண்டே கிடந்தன.

வெளியிலும் வேலையிருந்தது. இந்த ஒட்டுண்ணியின் வித்து வழக்கமான கிருமிநாசினிகளுக்கு எளிதில் மடிவதில்லை. உலர்ச்சியும் வெயிலுமே அதற்குப் பகை. ஈர உமியை நாள்தோறும் வாரியெடுத்துப் புதிது பரப்பி, கரப்பை மேடான இடங்களுக்கு மாற்றி மாற்றி வைத்தோம். தீனும் நீரும் எச்சம் விழாத உயரத்திற் கல்லின்மேல் ஏறின.

அயலார் சொன்ன வைத்தியங்கள் ஒரு கொத்து. மஞ்சள் நீர், உள்ளிச்சாறு, வேப்பங்கொழுந்து. இவற்றைப் பழிக்க மாட்டோம். ஆனால் இரத்தம் போகும் குஞ்சுக்கு இவற்றை மட்டும் கொடுத்துக் காத்திருப்பது காலத்தை வீணாக்குவதாகும். வீட்டில் எவருக்கோ வாங்கி மிஞ்சிய மருந்துக்குளிகையை உடைத்துக் கரைப்பது அதனிலும் தவறு. இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். குஞ்சும் தாயும் ஒருங்கே மூச்சுத் திணறி, கழுத்துத் திருகி, பச்சையாய்க் கழிந்து விழுமாயின் அது பெரும்பாலும் இராணிக்கெட்டு நோய். வந்தபின் அதற்கு மருந்தில்லை. முன்கூட்டியே கண்ணில் விடும் தடுப்புத்துளிதான் காப்பு.

வைத்தியர் தந்த மருந்தின் பெயர் அம்ப்ரோலியம். அது தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பீ1இன் உருவத்தையொத்தது. ஒட்டுண்ணி ஏமாந்து, தயமின் கிடைக்காமற் பட்டினியாற் சாகிறது. அளவு மிஞ்சினாற் குஞ்சுக்கும் அதே பட்டினிதான். அந்த உயிர்ச்சத்தின் கதையும் கோழிகளிடமிருந்தே தொடங்கியது என்பது மாணவர்கள் அறியத்தக்கது. 1890களில் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற ஒல்லாந்த வைத்தியரின் ஆய்வுக்கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. பின்னர்த் தாமாகவே தேறின. விசாரித்தால், இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்ததாம்; புதிதாய் வந்த சமையற்காரன் படையினர் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்ததும், தவிடு நீங்காத அரிசி இடப்பட்டு நோய் நீங்கியதாம். அந்தச் சமையற்காரனின் கண்டிப்புக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. எய்க்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. வெள்ளைச்சோறு ஒன்றையே தின்று வளரும் குஞ்சு கால் மடங்கி, தலை பின்னே சாய்ந்து கிடந்தால், அதனைக் கண்ணூறு என்று எண்ணாமற் தவிட்டையும் நினைத்துப் பார்க்கவேண்டும்.

கடகத்திலிருந்த நான்கில் இரண்டு இறந்தன. தாயோடிருந்தவற்றுள்ளும் ஒன்று, நோய்க்குறி எதுவும் காட்டாமலே, விடியலில் விறைத்துக் கிடந்தது. மூன்றையும் எலுமிச்சையடியில் ஆழமாய்க் குழிதோண்டி, நாய் கிளறாதபடி கல் வைத்து மூடினோம். மகள் அவற்றின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, தம்பி கல்லடுக்கினான். ஐந்தாம் நாளிற் புள்ளிச்சி கண்ணைத் திறந்து, உமியை ஒரு காலாற் கிளறிற்று. கிளறியதைக் கண்டு மகிழ்வதா அஞ்சுவதா என்று எமக்குத் தெரியவில்லை.

தேறிய குஞ்சின் எச்சத்திலும் சில நாட்களுக்கு வித்து வருமாதலால், மேலும் பத்து நாள் அதனையும் அதன் துணையையும் புறம்பாகவே வைத்திருந்தோம். ‘இனித் தாய் அண்டாது’ என்றார் அப்பாச்சி. அவர் அஞ்சியதற்குக் காரணமிருந்தது. பகலில் விட்டிருந்தாற் தாய் கொத்தித் துரத்தியிருக்கும். இருள் கவிந்து கோழி அடங்கியபின், கரப்பைச் சற்றே தூக்கி, இரண்டையும் அதன் சிறகின்கீழ்த் தள்ளிவிட்டோம். தாய் உறுமிற்று, சிறகை உதறிற்று, பின் அடங்கிற்று. மறுநாட் காலை புள்ளிச்சியின் தலையில் ஒரு கொத்து விழுந்தது உண்மை. அது இரண்டடி ஓடி, பின்பக்கமாய் வந்து சேர்ந்துகொண்டது. நண்பகலில் எட்டுக் குஞ்சுகளும் ஒரே சிரட்டையைச் சுற்றி நின்றன.

புள்ளிச்சி கூடப்பிறந்தவற்றிலும் சிறியதாகவே வளர்ந்தது. மற்றைய பேடுகள் முட்டையிட்டு இரண்டு மாதம் கழிந்தே, 2023 ஆவணியில் அதன் முதல் முட்டை வந்தது. புறா முட்டையை விடச் சற்றே பெரிது. அதனை அடைவைக்கவேண்டும் என்று மகள் பிடிவாதம் செய்தாள். தலையீற்று முட்டை அடைக்கு உதவாது என்று அப்பாச்சி தீர்ப்பளித்து, அவித்துக் கொடுத்தார். மகள் தின்ன மறுத்துவிட்டாள். தம்பி தின்றான்.