‘லேப்டாப் போனா போவுது... அளவு போயிரக் கூடாது!’

தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் தூங்குகின்றன. சங்கரன்கோவிலில் ஒரு தையல்கார அம்மாவின் வீட்டில் மட்டும் அது இன்னும் உழைக்கிறது. 2013-ல் மகள் பிளஸ் டூ படித்தபோது வாங்கியது. அதில்தான் வாடிக்கையாளர்களின் பிளவுஸ், சுடிதார் அளவுகள் எல்லாம் இருக்கின்றன.

விண்டோஸ் திணற ஆரம்பித்ததும், பழைய கணினிகளுக்கும் ஏற்ற லுபுன்டு லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருந்தாள் மகள். அந்த 22.04 பதிப்புக்கான மூன்றாண்டு ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்தது. அதனால் 24.04-க்கு மாறச் சொன்னாள். அம்மாவும் போனில் கேட்டுக் கேட்டு அப்கிரேடைத் தொடங்கினார்.

பாதியில் கரன்ட் போய்விட்டது.

லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல வருடங்கள் ஆகின்றன. சார்ஜரில்தான் ஓடுகிறது. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் ‘கெர்னல் பேனிக்’ என்று வந்து நின்றது. தீபாவளிக்கு இரண்டே வாரம். தெருமுனைக் கடைக்காரர், “ஃபார்மட் போட்டா சரியாயிரும்” என்றார். ஃபார்மட் போட்டால் ஃபைல்கள் போய்விடும்.

“லேப்டாப் போனா போவுது பாப்பா, அளவு போயிரக் கூடாது” என்றார் அம்மா போனில்.

“யாரு கைலயும் குடுக்காதம்மா. சனிக்கிழம நானே வாரேன்.”

கோவையிலிருந்து வந்த மகள், ரிப்பேரில் இறங்கவில்லை. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்தாள். இன்ஸ்டால் செய்யாமலே அப்படி லினக்ஸை இயக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் உள்ள ஃபைல்களையும் திறக்கலாம். அளவு ஃபைலை இன்னொரு பென் டிரைவில் காப்பி செய்த பிறகுதான் அம்மா காபி போடவே எழுந்தார்.

அடுத்துதான் ரிப்பேர். ஆன் செய்யும்போதே ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிக்க, ஒரு மெனு வந்தது. புதிய கெர்னல் அரைகுறையாக ஏறியிருந்தாலும் பழைய கெர்னல் அழியாமல் இருந்தது. ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ வழியாகப் பழைய கெர்னலை ரெகவரி மோடில் திறந்தாள். பாதியில் நின்றவற்றை முடித்துவைக்கும் ‘டிபிகேஜி’ அதில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துக் காத்திருந்தாள். ரீஸ்டார்ட் செய்ததும் 24.04 திறந்தது.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அப்கிரேடுக்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு காப்பி எடுங்கள். பேட்டரி நிற்கவில்லை என்றால் யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தீபாவளி, பரீட்சை மாதிரி அவசர நாள்களில் அப்கிரேடே வேண்டாம்.

அந்த அம்மா இப்போது ஞாயிறுதோறும் அளவு ஃபைலைக் காப்பி எடுக்கிறார். பென் டிரைவ் இருக்கும் இடம், பாபின் டப்பா.