கோதுமை இல்லாத கேக்கும் ஒரு அட்டைப் பெட்டியும்

கேக் மிக்ஸ் என்றாலே சமைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு இளக்காரம். நம்ம ஊரில் கடைச் சாம்பார் பொடி வாங்கும் மருமகளைப் பெரியம்மாக்கள் பார்ப்பார்களே, அதே பார்வை. "பெட்டியைப் பிரிச்சுக் கொட்டி, முட்டையை உடைச்சு ஊத்தினா அது சமையலா?" என்பார்கள். அமெரிக்காவில் இந்தப் பெட்டி கேக்குக்குத் தொண்ணூறு வருஷக் கதை உண்டு. 1930களில் பிட்ஸ்பர்க்கில் மொலாசஸ் பாகு விற்றுக்கொண்டிருந்த டஃப் என்ற கம்பெனி, பாகை உலர்த்தி மாவோடு கலந்து இஞ்சி கேக் மிக்ஸ் ஆக்கியது. இளக்காரமும் அன்றைக்கே பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது அதற்கு நேர் எதிரான விஷயம். ஒரு சிலருக்குக் கேக் செய்து கொடுக்க வேண்டுமென்றால் பெட்டி மிக்ஸ்தான் உண்மையான அக்கறை. வீட்டு மாவு டப்பாவைத் திறந்து அளந்து போட்டு, ஆசை ஆசையாகச் செய்வதில்தான் ஆபத்து இருக்கிறது. எப்படி என்று கேளுங்கள்.

நான் படிப்பது இல்லினாய் மாநிலத்தில். என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தோழி லூதியானாக்காரி. ரொட்டி சாப்பிட முடியாத பஞ்சாபி! தஞ்சாவூர்க்காரருக்குச் சோறு ஆகாது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கேட்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவளுக்கு இருப்பது சீலியாக் நோய்.

இதைப் பலர் அலர்ஜி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறதே, அது குளூட்டனின் வேலை. சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், அவருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி அவருடைய சிறுகுடலையே தாக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த குடலுறிஞ்சிகள் ஞாபகம் இருக்கிறதா? அவை மழுங்கிப் போகும். பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், குழந்தையாக இருந்தால் வளர்ச்சிக் குறைவு என்று வரிசையாக வரும். வயிறு வலிக்கவில்லை என்றாலும் உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கலாம். இன்றுவரை இதற்குச் சிகிச்சை, வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பது மட்டுமே.

காரணம் கோதுமைதான் என்று கண்டுபிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். அவருக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்தில் கொடும் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950 இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் அவர் இதை நிறுவினார்.

நம்மில் பலர் இந்த நோயின் பெயரையே கேட்டிருக்க மாட்டோம். அதற்கும் காரணம் இருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் சீலியாக் இருப்பது தெரிந்தது. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களில் பெரிய வித்தியாசம் இல்லையாம். தட்டில் விழும் கோதுமையின் அளவில்தான் வித்தியாசம். இப்போது நம் வீடுகளிலும் ராத்திரியானால் சப்பாத்தி என்று ஆகிவிட்டதால், யாருக்கோ வந்த நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

லூதியானாவில் இந்த நோயோடு வளர்வது எப்படி இருக்கும் என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குருத்வாராவில் கடா பிரசாதம் கொடுப்பார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்வது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இரண்டு கையையும் குவித்து வாங்கி, நெற்றியில் ஒற்றி, அப்படியே பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கையில் கொடுத்துவிடுவாளாம். ஏழு வயதிலிருந்து இப்படி. பிறந்தநாள் விழாக்களில் அதுவும் முடியாது. கேக் வெட்டும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாளாம்.

இங்கேயும் ஆசையாகச் செய்து கொண்டுவருபவர்கள் உண்டு. "மைதா கொஞ்சம்தான் போட்டேன்", "ஒரு வாய்தானே, ஒண்ணும் ஆகாது", "மேலே இருக்கிற க்ரீமை மட்டும் சாப்பிடேன்". அவள் சிரித்துக்கொண்டே மறுப்பாள். கொண்டுவந்தவர் முகம் சுண்டிப் போகும். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "அவங்க அன்பைச் சந்தேகப்படலை. அவங்க கிச்சனைத்தான் சந்தேகப்படறேன்."

கிச்சனைச் சந்தேகப்படுவது நியாயமா? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013 இல் ஒரு விதி போட்டு 2014 ஆகஸ்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு பெட்டியில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சடித்தால், உள்ளே பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் குறைவாகத்தான் குளூட்டன் இருக்கலாம். கிலோவுக்கு 20 மில்லிகிராம். கோதுமை மாவில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ கேக்கில் கால் கிராம் கோதுமை மாவு விழுந்தாலே எல்லை தாண்டிவிடும். கால் கிராம் என்பது ஒரு சிட்டிகை. அது மரக்கரண்டியின் விரிசலில் இருக்கும். சல்லடைக் கண்ணில் இருக்கும். போன வாரம் மைதா அளந்த கரண்டியைப் போட்டு எடுத்த சர்க்கரை டப்பாவில் இருக்கும்.

"அரிசி மாவில் கேக் செய்தால் போச்சு" என்பீர்கள். எந்த அரிசி மாவு? நம்ம ஊர் மாவு மில்லில் நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தானே அம்மா அரிசியைக் கொட்டச் சொல்வாள்? முன்னால் கோதுமை ஓடியிருந்தால் நம் மாவிலும் கோதுமை இருக்கும். நமக்கு அது ருசிப் பிரச்சினை, இவளுக்குக் குடல் பிரச்சினை. நம்ம சாம்பார், ரசம் கூட இந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறுவதில்லை. என் சமையல் அலமாரியில் அவள் முதலில் எடுத்துப் படித்தது பெருங்காய டப்பாவை! கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கிறார்கள். இத்தனை வருஷம் சாப்பிடுகிறோம், எத்தனை பேர் திருப்பிப் பார்த்துப் படித்திருக்கிறோம்?

இப்போது பெட்டிக்கு வருவோம். 2009 இல் பெட்டி க்ராக்கர் (பெயரே 'பெட்டி', நான் வைத்ததில்லை) குளூட்டன் இல்லாத கேக் மிக்ஸ்களைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்று கிங் ஆர்தர், பாப்ஸ் ரெட் மில் என்று நிறைய பிராண்டுகள். உள்ளே பெரும்பாலும் அரிசி மாவு, சர்க்கரை, உருளைக்கிழங்கு அல்லது மரவள்ளி ஸ்டார்ச், பேக்கிங் பவுடர், ஸாந்தன் கம். சாதாரணப் பெட்டியைவிட விலை அதிகம்.

அந்த ஸாந்தன் கம் எதற்கு என்பது நமக்குச் சொல்லாமலே புரிய வேண்டும். அரிசி மாவில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் விண்டு விண்டு போகும். அதனால்தான் கொழுக்கட்டைக்கு வெந்நீர் ஊற்றிக் கிளறுகிறோம். சூட்டில் ஸ்டார்ச் கூழாகி, இல்லாத குளூட்டனின் வேலையைச் செய்கிறது. இட்லியில் உளுந்தின் கொழகொழப்பு காற்றைப் பிடித்து வைக்கிறது. கேக் மாவில் அந்த உளுந்தின் இடத்தில் ஸாந்தன் கம் உட்கார்ந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடித்தது இதே இல்லினாயில், பியோரியா ஊரில் இருக்கும் விவசாயத் துறை ஆய்வுக்கூடத்தில். அலீன் ஜீன்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவும் முட்டைக்கோஸில் கருப்பு அழுகல் நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து அதை எடுத்தார்கள். 1969 இல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே ஜீன்ஸ் டெக்ஸ்ட்ரான் என்ற பொருளில் பெரிய வேலை செய்திருந்தார். கொரியப் போரில் ரத்தம் இழந்தவர்களுக்கு ரத்த பிளாஸ்மாவுக்குப் பதிலாக ஏற்றினார்கள். டெக்ஸ்ட்ரானை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் லூக்கோநாஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ். நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே ஆசாமிதான்! இதைப் படித்த அன்று இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

போன குளிர்காலத்தில் தோழிக்குப் பிறந்தநாள். இரண்டு வாரம் முன்பே வேலையை ஆரம்பித்தேன். பெட்டி மிக்ஸ், புது கேக் டின், புது ரப்பர் கரண்டி, பட்டர் பேப்பர். வெண்ணெய் கூடப் புதுசு. ஏற்கெனவே பிரித்த வெண்ணெயில் டோஸ்ட் தடவிய கத்தியின் துகள் இருக்கும். மேடையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை துடைத்தேன். அன்று வீட்டில் சப்பாத்தி போடவில்லை, மாவுத் தூசி காற்றில் மிதக்கும் என்பதால்.

பெட்டியில் போட்டிருப்பதற்கு மேல் நான் செய்தவை மூன்றுதான். கலக்கிய மாவை இருபது நிமிடம் அப்படியே வைத்தேன். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், ஊறினால் நறநறப்புக் குறையும். இரண்டாவது, பயப்படாமல் நன்றாக அடித்துக் கலக்கினேன். மைதா கேக்கை அதிகம் அடித்தால் குளூட்டன் முறுகி ரப்பராகிவிடும். இதில் அந்தப் பயமே இல்லை. மூன்றாவது, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து, மேலே சிவந்ததும் எடுத்துவிடாமல் நடுவில் குச்சி குத்திப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். இந்த மாவு வெளியே வெந்த மாதிரி காட்டிவிட்டு உள்ளே ஈரமாக இருக்கும்.

அவள் வந்தாள். கேக்கைப் பார்த்தாள். கேட்ட முதல் கேள்வி, "பெட்டி எங்கே?"

எடுத்துக் கொடுத்தேன். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று பொடி எழுத்து வரை படித்தாள். "எந்தச் சல்லடை?" என்றாள். மிக்ஸுக்குச் சல்லடை வேண்டாம் என்றேன். டின்னைத் திருப்பிப் பார்த்தாள், விலைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. பிறகு வெட்டினாள். இரண்டு துண்டு பேசாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் லூதியானாவுக்கு வீடியோ போட்டு அம்மாவுக்குக் காட்டினாள். அங்கே விடிகாலை. தூக்கக் கலக்கத்தில் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியும் அதேதான்: "டப்பா இருக்கா?" நான் பெட்டியைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அந்த அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

கைப்பக்குவம் என்று ஆயிரம் சொல்கிறோம். கைப்பக்குவத்தை யாரும் படித்துப் பார்க்க முடியாது. பெட்டியைப் படிக்கலாம். வாழ்நாள் முழுக்க எதையும் நம்பிச் சாப்பிட முடியாத ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

ருசி எப்படி என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பிரமாதம். மறுநாள் ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாதிரி விறைக்கும், ஸ்டார்ச்சின் குணம் அப்படி. மிஞ்சினால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், வேண்டும்போது லேசாகச் சூடு பண்ணினால் மெத்தென்று ஆகிவிடும்.

நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்றால் இரண்டே விஷயம். 'வீட் ஃப்ரீ' என்று மட்டும் இருந்தால் போதாது. பார்லியும் ரையும் உள்ளே இருக்கலாம். 'குளூட்டன் ஃப்ரீ' என்ற வார்த்தையைத் தேடுங்கள். இன்னொன்று, கேக் வெந்ததும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கேக்குக்குப் பக்கத்திலேயே மேஜையில் வையுங்கள். வருகிறவர் கேட்கக் கூச்சப்படலாம். அவர் கேட்கும்படி வைக்காதீர்கள்.

சரி, டின்னைக் கழுவ வேண்டும். தனி ஸ்பாஞ்ச், தனி அலமாரி. அடுத்த பிறந்தநாளுக்கும் அதேதான் வேண்டும்.