கார்புரேட்டரும் ஒரு பட்டு இழையும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு எதற்குள் நுழைந்தாலும் வாசலில் ஒரு டி.வி.எஸ். வண்டி நிற்கும். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாள் முதல் நம் ஊர்த் தறிக்கும் அதற்கும் உறவு. பாவு மூட்டை, பட்டு நூல், அரிசி, பள்ளிக்குப் போகும் பிள்ளை எல்லாம் அதில்தான். அதன் பின் வந்த எக்செல் சூப்பரும் அப்படியே.

போன தை மாதம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவாளத் தம்பி ஒருவர் எக்செல் சூப்பரைத் தள்ளிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார்.

“சார், சோக் போட்டா ஓடுது, எடுத்தா நின்னுடுது. கார்புரேட்டரையே மாத்தணும்ங்கறாங்க. சேலையை நாளைக்குக் காந்தி ரோட்டுல கொண்டுபோய்க் கொடுத்தாதான் கூலி.”

புது கார்புரேட்டர் வாங்கினால் அந்தக் கூலியில் பெரும் பங்கு அதற்கே போய்விடும். அதுதான் அவர் கவலை.

“எத்தனை நாளா நிக்குது?” என்று கேட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஏறி, பாவுக்குப் போட்ட கஞ்சியும் காயாமல் வேலை முடங்கியதாம். வண்டியும் இரண்டு மாதம் நின்றுவிட்டது. நோய் எதுவென்று எனக்குப் புரிந்துவிட்டது.

கார்புரேட்டரின் வேலை எளிது. இன்ஜின் இழுக்கும் காற்று ஒரு குறுகலான வழியில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். உடனே கீழேயுள்ள கப்பிலிருந்து பெட்ரோல் ஜெட் வழியாக மேலேறிக் காற்றோடு கலக்கும். கப்பில் பெட்ரோல் அளவு ஏறாமல் பார்த்துக்கொள்வது மிதவை. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மாதிரிதான்.

எக்செல் சூப்பர் டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். வண்டி நின்றால் பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆயில் பிசினாகத் தங்கிவிடும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஜெட் அடைத்தால் பெட்ரோல் போதாது. சோக் காற்றைக் குறைப்பதால்தான் அதைப் போட்டால் மட்டும் ஓடுகிறது.

அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத வெளித் திண்ணையில் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை விரித்தோம். சின்ன ஸ்க்ரூ விழுந்தால் தெரிய வேண்டும். பெட்ரோல் டேப்பை மூடிக் கார்புரேட்டரைக் கழற்றினோம். கப்பைத் திறந்ததும் பழைய வார்னிஷ் வாடை, அடியில் பழுப்புப் பிசின். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன். உள்ளே சத்தமில்லை, ஓட்டையில்லை. ரப்பர் வளையத்தைத் தனியே எடுத்து வைத்தோம், பெட்ரோலில் ஊறினால் உப்பிவிடும். மற்றதையெல்லாம் ஆயில் கலக்காத பெட்ரோலில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தோம்.

பித்தளை ஜெட்டைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் வரவில்லை. தம்பி கம்பி தேடினார். நான் தடுத்தேன். பித்தளை மெத்தென்ற உலோகம், கம்பி குத்தினால் துவாரம் பெரிதாகும். அது அளவெடுத்துப் போட்ட துவாரம். பெரிதானால் பெட்ரோல் கூடுதலாகக் குடித்துப் புகையும்.

அவர் கொஞ்சம் யோசித்து, மடியிலிருந்து பட்டு இழை ஒன்றை எடுத்தார். முனையை விரலால் முறுக்கினார். பெட்ரோலில் ஊறி இளகியிருந்த அந்தத் துவாரத்தில் அதை நுழைத்து மெல்ல இழுத்தார். பாவு பிணைக்கும் கை அல்லவா! இழை பழுப்பாக வெளியே வந்தது. நான்கு முறை இழுத்து, சைக்கிள் பம்பால் ஊதினோம். மறுபடி வானத்துக்குப் பிடித்தால் ஊசிமுனை அளவில் வட்டமாக வெளிச்சம். முப்பது வருஷம் தொழிற்பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்த எனக்கே இது புதுப் பாடம்.

பூட்டிப் புதுப் பெட்ரோல் ஊற்றினோம். மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. சோக்கை எடுத்த பிறகும் நிற்கவில்லை. மறுநாள் சேலை காந்தி ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, கூலியும் முழுசாக வீட்டுக்கு வந்தது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது எக்செல்லில் கார்புரேட்டர் கிடையாது, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். புகை குறைந்தது நல்லதே. ஆனால் அதைத் திண்ணையில் பிரித்துப் பார்க்க முடியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கப் காலியாகிவிடும், பிசின் தங்காது.

அந்தத் தம்பி இதுவரை தன் தெருவில் மூன்று வண்டிகளுக்கு இதே வைத்தியம் பார்த்துவிட்டாராம். காசு வாங்குவதில்லை, பட்டு இழை மட்டும் அவருடையது.