வயரா, பெற்றறியா?

ராத்தாவின் மகன் ஓடாவி வேலை பழகப் போய் ஒன்றரை வருசமாகிறது. வாளும் சீவுளியும் கைக்கு வந்துவிட்டன. இப்போது மரத்தில் பூ வேலைக்கு ஒரு டிரெமல் மிசின் வேண்டுமாம். "பெற்றறி போட்டது எடுப்பமா மாமா, வயர் போட்டது எடுப்பமா?" என்று ஒரு மாதமாக என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். காசு கொடுக்கப்போகிறவன் நான். என்னிடம் பெற்றறி டிரெமல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வீட்டுக்குப் பெயர்ப்பலகை செதுக்கும் ஆசையில் வாங்கியது, மூன்றாவது எழுத்தோடு நின்றுபோனது. அதையும் பையில் போட்டுக்கொண்டு, மருமகனையும் கூட்டிக்கொண்டு, பூ வேலை தெரிந்த ஓடாவியார் ஒருவரிடம் கேட்போமென்று அக்கரைப்பற்றில் கல்முனை பஸ் ஏறினேன்.

சாய்ந்தமருதில் இறங்கி, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் நடந்தால் அவர் பட்டறை. தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு. சுவரோரம் தேக்கும் மகோகனியும் சாத்திக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, மஞ்சளாக, கொஞ்சம் முதிரை. மரக்காலையிலிருந்து வந்த பேர்மிட் துண்டுகள் ஒரு ஆணியில் குத்தித் தொங்கின. ஓடாவியாருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் காக்கா என்றேன், மருமகன் மாமா என்றான். அவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு என் பையைத்தான் பார்த்தார். "என்னத்தக் கொண்டு வந்திரிக்கீங்க?"

டிரெமல் என்பது ஒரு கம்பனியின் பெயர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், ரஸீன் என்ற ஊரில் ஆல்பர்ட் டிரெமல் 1932இல் தொடங்கியது. கைக்குள் அடங்கும் சுழல் மிசினை 1935இல் விற்பனைக்கு விட்டார்கள். இன்று சீனாவில் செய்து வருவதற்கும் பட்டறையில் பெயர் டிரெமல்தான். நுனியில் 3.2 மில்லிமீற்றர் தண்டுள்ள பிட்டைச் செருகினால் நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை ஓடும். ஓட்டம் பெரிது, பலம் சிறிது. அழுத்தினால் மூச்சு வாங்கும், மரத்தைக் கரித்துவிடும். தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். என் பெயர்ப்பலகை மூன்றாவது எழுத்தில் கறுத்துப்போன காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

காக்காவின் பட்டறையில் வேலை நடப்பது மூன்று மிசினில். ஆழமாகத் தோண்ட 6 மில்லிமீற்றர் பிட் போடும் டை கிரைண்டர். நுணுக்கத்துக்கு வயர் டிரெமல். மூன்றாவதுதான் எனக்குப் புதுசு. கூரைக் கம்பியில் மோட்டார் தொங்குகிறது, அதிலிருந்து ஒரு மீற்றர் நீளத்துக்கு வளையும் குழாய், நுனியில் பேனை தடிப்பில் ஒரு பிடி. காலடியில் பெடல், தையல் மிசின் மாதிரி. பாரம் முழுக்கக் கூரையில், கையில் பேனை மட்டும். குழாயைக் கூர்மையாக வளைக்கக்கூடாது. வளைத்தால் உள்ளே சுற்றும் கம்பி சூடேறி அறுந்துபோகும். இடைக்கிடை கிறீஸ் பூச வேண்டும்.

"இதுல ஒரு நாள் முழுக்கக் கொத்தலாம். உங்கட மிசினால ஏலுமா?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். என் பெற்றறியில் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது 3.6 வோல்ட் செல் மூன்று, ஆக 10.8. அதை 2 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 21.6 வாட் மணி. பிட் மரத்தில் இறங்கி 100 வாட் இழுத்தால் பதின்மூன்று நிமிடத்தில் சரி. மெல்லத் தேய்க்கிற வேலையென்றால் அரை மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். சூடான பெற்றறியை உடனே சார்ஜில் போடவும் முடியாது. ஆறும்வரை சார்ஜர் காத்திருக்கும், தகரக் கூரைக்குக் கீழே அது ஆறுவது எப்போது!

இவ்வளவும் கேட்டு வயர்தான் என்று நான் முடிவெடுத்த நேரத்தில் காக்காவின் மகன் வந்தான். தோளில் ஒரு பை, அதற்குள் பெற்றறி டிரெமல். பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் மிம்பர் வேலையாம், குத்பா ஓத ஏறும் மேடை. மிம்பரைப் பட்டறையில் செய்து கொண்டுபோய்ப் பொருத்தியாயிற்று. பொருத்தின பிறகுதான் இரண்டு பலகை சேரும் இடத்தில் கொடி வேலை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் ஒரு நூல் விலகி நிற்பது தெரிந்தது. இனிக் கழற்ற முடியாது.

பள்ளியில் பிளக் இருப்பது பின்சுவரில். மிம்பர் முன்னால். முதல் நாள் வயர் மிசினைக் கொண்டுபோய், விரிப்பைச் சுருட்டி, ஸஃபுகளுக்குக் குறுக்கே எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்திருக்கிறார்கள். ளுஹருக்குப் பாங்கு சொல்ல முன்னம் வயரைச் சுற்றி, தூசைக் கூட்டி, விரிப்பை விரித்துக் கொடுத்துவிட வேண்டும். அஸருக்கும் அப்படியே. மிசின் ஓடினது ஒரு மணித்தியாலம், வயர் சுற்றினது ஒன்றரை. அடுத்த நாளே அவன் கூட்டாளி ஒருவனிடம் பெற்றறி மிசினை இரவல் வாங்கிவிட்டான். மூலையில் கையை விட்டு, விலகின கொடியைப் பத்து நிமிடம் சீவினால் அன்றைக்கு அவ்வளவுதான் வேலை. அதற்கு 21.6 வாட் மணி தாராளம்.

"மரம் நம்மளத் தேடி வந்தா வயர். நாம மரத்தத் தேடிப் போனா பெற்றறி. இதுக்கு என்னத்துக்கு இவ்வளவு கணக்கு?" என்றார் காக்கா. கேட்க நல்லாயிருந்தது. ஆனால் 2022ஐ நினைத்துப் பார்த்தால் அது அவ்வளவு நேராக இல்லை. அந்த வருசம் மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360க்குப் போனது, பிட் விலையும் கூடவே ஏறியது. ஜெனரேட்டருக்குப் பெற்றோல் இல்லை. பெற்றறி மிசின் வைத்திருந்தவனுக்குக் கொண்டாட்டமா என்று கேட்டேன். மகன் சிரித்தான். "அதையும் கறண்டுலதானே காக்கா சார்ஜ் பண்ணணும்?" கறண்ட் வருகிற நேரத்துக்கு ராவில் எழும்பிச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். அவன் வாப்பா மட்டும் வாய் வளைந்த பழைய உளிகளைத் தீட்டி எடுத்து ஒரு கட்டில் தலைமாட்டை முடித்துக் கொடுத்தாராம். சீதன வீட்டுக்கான கட்டில், கலியாணம் கறண்டுக்காகக் காத்திருக்காது.

உளி எல்லா மரத்துக்கும் சரிவராது என்பதையும் அவரே சொன்னார். முதிரையின் நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு எதிர்ப்பக்கமும் ஓடும். உளி ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பிய்க்கும். சுழலும் கார்பைட் பிட் நாரைப் பார்ப்பதில்லை, தின்றுகொண்டே போகும். ஆனால் அந்தத் தூசு பொல்லாதது. காக்கா சாரத்துக்குக் கீழே காலைக் காட்டினார். கணுக்காலைச் சுற்றிச் சொறிந்த தழும்பு. முதிரைத் தூசு தோலைக் கடிக்கும் என்பது மருத்துவர்களும் எழுதிவைத்திருக்கிற விசயம். மரத்தூள் மூக்குக்குள் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இலேயே சொல்லிவிட்டது. டிரெமல் ஊதுகிற தூள் மாவைவிட மெல்லிசு. பட்டறையில் முகக்கவசம் இருந்தது. ஆணியில் தொங்கியது, பேர்மிட்டுக்குப் பக்கத்தில். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது. மருமகனிடம் சொன்னபோது அவன் காதில் ஏறவில்லை, அவன் கண் தொங்கும் மோட்டாரில் இருந்தது.

"புடிச்சுப் பாரு மனே," என்று காக்கா பேனையைக் கொடுத்தார். கழிவுத் தேக்குத் துண்டில் ஒரு 'நூன்' எழுத்து வரைந்திருந்தது. பையன் பெடலை மிதித்து, பிட்டை மரத்தில் வைத்து, இடமிருந்து வலமாகத் தள்ளினான். பிட் துள்ளிக் கோட்டைத் தாண்டி ஓடியது. பின்னாலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, சில்லு உருளுகிற மாதிரி அது வலப்பக்கம் ஓடத்தான் பார்க்கும். இடப்பக்கம் இழுத்தால் சொல்லுக் கேட்கும். "அரபு எழுத்து வலத்திலிருந்துதானே போகுது? அதே மாதிரி இழு," என்றார். இரண்டாம் தரம் வளைவு வந்தது. மேலே வைத்த புள்ளி முட்டை மாதிரி இருந்தது, அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

தொங்கும் மோட்டாரையே வாங்குவது என்று முடிவாயிற்று. கூரைக் கம்பி ராத்தா வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது. இரண்டு முகக்கவசமும் சேர்த்து வாங்க வேண்டும் என்று நான் நிபந்தனை வைத்தேன். என் பெற்றறி டிரெமலைக் காக்காவின் மகனிடம் நீட்டினேன். மிம்பர் வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளட்டும், இரவல் மிசினைத் திருப்பிக் கொடுக்கலாம். அவன் சுவிட்சைத் தட்டினான். அது நாலைந்து செக்கன் இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது.

"சார்ஜர் எங்க காக்கா?"

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அது அக்கரைப்பற்றில், என் மேசை லாச்சிக்குள் கிடந்தது.