திரும்பிப் போகும் நாள்

ஜூலை பிறந்தால் திண்டுக்கல் நகரத்துத் திருமண மண்டபங்களில் சேவைச் சங்கங்களின் பதவியேற்பு விழாக்கள் தொடங்கிவிடும். ரோட்டரிக்கும் சரி, அரிமா சங்கத்துக்கும் சரி, ஆண்டு என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. புதிய தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்பேற்கும் அதே மேடையில் நலத்திட்ட உதவிகளும் வழங்கப்படும்: கணவரை இழந்த பெண்ணுக்குத் தையல் இயந்திரம், மாற்றுத்திறனாளிக்கு மூன்று சக்கர சைக்கிள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். வரும் மாதங்களின் நிகழ்ச்சிகளும் அறிவிக்கப்படும்: கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், மரக்கன்று நடுதல், செப்டம்பரில் ஆசிரியர்களுக்கு விருது. பூட்டுத் தொழிலிலும் தோல் ஷாப்பிலும் நூற்பாலையிலும் கமிஷன் மண்டியிலும் நாளெல்லாம் உழைப்பவர்கள், தங்கள் நேரத்தையும் கைப்பணத்தையும் ஊருக்காக எடுத்து வைப்பது பெரிய காரியம். அதை மனதார மதிக்கிறேன். அந்த மதிப்போடுதான் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அறிவிக்கப்படுபவை பெரும்பாலும் கொடுக்கும் நாட்கள். கொடுத்தது என்ன ஆயிற்று என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதற்கும் நாள் குறிக்க வேண்டும். ஒரு சங்கத்தின் சேவை வளர்வதும் தேங்குவதும் அந்த நாளைப் பொறுத்தது என்பதே என் வாதம்.

கண் முகாமிலிருந்து தொடங்கலாம்; இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் முகாம்களை ரோட்டரி, அரிமா போன்ற சங்கங்களோடும் உள்ளூர் அமைப்புகளோடும் கைகோத்தே நடத்திவருகிறது. இடம் பிடிப்பது, ஊர் ஊராகச் சொல்லிவிடுவது, வந்தவர்களைக் கவனிப்பது சங்கத்தின் வேலை. பரிசோதனை மருத்துவமனையின் பொறுப்பு. கண்புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போய், அறுவை செய்து, லென்ஸ் வைத்து, ஊர் கொண்டுவந்து சேர்த்து, சில வாரங்களில் மறுபரிசோதனையும் செய்கிறார்கள். இவ்வளவு சீரான ஏற்பாடு இருந்தும், 1999-இல் வெளியான ஓர் ஆய்வு திடுக்கிட வைத்தது. கிராமங்களில் கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 7 சதவீதம்தான். கூட்டிப் போக ஆளில்லை, கூலி போய்விடும், அறுவை என்றால் பயம், இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பல காரணங்கள் இருந்தன. முகாம் பந்தலில் வரிசையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது. வராதவர்களைத் தேடி ஊருக்குள் போனதால் தெரிந்தது. இந்தத் தெளிவுதான், ஒரு நாள் முகாமோடு நின்றுவிடாமல், சிறு ஊர்களில் நிரந்தரமாக இயங்கும் கண் பரிசோதனை மையங்களுக்கு வழிவிட்டது. ஒரு முகாமில் 300 பேர் பார்க்கப்பட்டார்கள் என்றால் அது நல்ல செய்தி. வராமல் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிட்டவர்கள் யார் என்ற கேள்வி சங்கத்துக்குள் எழுந்தால், அடுத்த முகாம் அதைவிடச் சிறப்பாக அமையும்.

மரக்கன்று விஷயத்தில் திரும்பிப் போய்ப் பார்க்கும் தேவை இன்னும் கண்கூடு. திண்டுக்கல் சமவெளிக்கு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வருகிறது. ஜூலையில் தென்மேற்குப் பருவத்தின் மழையை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்ள, நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் வறண்ட காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்துக் காய்ந்த மண்ணில் முழங்கால் உயரக் கன்று அப்போது என்ன பாடுபடும்? ஆனாலும் பதவியேற்பு ஜூலையில் வருவதால் கன்று நடுவதும் அதையொட்டி வந்துவிடுகிறது. நட்டவர்களின் நல்லெண்ணத்தில் குறை ஏதும் இல்லை. மண்ணின் நாள்காட்டியும் சங்கத்தின் நாள்காட்டியும் வேறு வேறு என்பதுதான் சிக்கல். அடுத்த சித்திரையில் நான்கு பேர் போய் உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணிவிட்டு வந்தால் போதும், அந்த எண்ணிக்கையே மற்றதைச் சொல்லிக்கொடுக்கும். நடுவதைப் புரட்டாசிக் கடைசிக்குத் தள்ள வேண்டும், 500 கன்றுக்குப் பதில் 50 கன்று நட்டு இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், கூண்டுக்கும் ஆள் கூலிக்கும் முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது தானாகப் புரியும்.

இரத்ததானத்துக்கும் காலக் கணக்கு உண்டு. எடுத்த இரத்தத்தின் சிவப்பணுக்களை அதிகம் போனால் 42 நாள் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் சுமார் 5 நாள்தான் தாங்கும். ஓர் ஆண் ஒருமுறை கொடுத்தால் அடுத்து 3 மாதம், பெண் 4 மாதம் காத்திருக்க வேண்டும். சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, தலைவர்களின் பிறந்தநாள் என்று எல்லா அமைப்புகளும் ஒரே நாளில் முகாம் வைத்தால் அன்று குவியும். கல்லூரிகள் மூடியிருக்கும் கோடையில் கொடுக்க ஆள் குறையும். அரசு மருத்துவமனை இரத்த வங்கியிடம் எந்த மாதம் தட்டுப்பாடு என்று முன்கூட்டியே கேட்டு, ஊரின் சங்கங்கள் மாதத்துக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இதற்குச் செலவு எதுவும் கிடையாது. போன ஆண்டு கொடுத்த இரத்தம் யாருக்கு எப்போது பயன்பட்டது என்று கேட்கும் பழக்கம் ஒன்றே தேவை.

ஓராண்டுத் தலைவரை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட நீண்ட வேலை எப்படி நடக்கும் என்று கேட்கலாம். நடக்கும் என்பதற்கு இந்தச் சங்கங்களின் சொந்த வரலாறே சாட்சி. 1985-இல் ரோட்டரி போலியோ ஒழிப்பைக் கையிலெடுத்தது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளியாக ஹவுராவில் ஒரு குழந்தை கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கு 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் போலியோ இல்லாப் பகுதி என்று சான்று அளித்தது. இந்தக் காலம் முழுவதும் ரோட்டரியின் சர்வதேசத் தலைவர்கள்கூட ஆண்டுக்கொருவராக மாறிக்கொண்டுதான் இருந்தார்கள், குறிக்கோள் மாறவில்லை. அரிமா சங்கமும் அப்படியே. 1925-இல் ஹெலன் கெல்லர் அதன் மாநாட்டில் பார்வையற்றோருக்காக வேண்டுகோள் வைத்தார்; நூறாண்டு ஆகியும் கண்பணி அதன் அடையாளமாக நிற்கிறது. போலியோப் பணியில் நாம் பாடமாகக் கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. சொட்டு மருந்து கொடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடியவில்லை. மறுநாள் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள்; குழந்தைகளின் விரலில் மை இருக்கிறதா என்று பார்த்தார்கள்; விடுபட்ட வீட்டுச் சுவரில் குறி போட்டு மீண்டும் போனார்கள். அரசும் ஊழியர்களும் சங்கங்களும் சேர்ந்து கண்ட அந்த வெற்றியின் உயிர்நாடி, இப்படித் திரும்பத் திரும்பப் போனதில்தான் இருந்தது. நம் சின்னாளப்பட்டியை ஒட்டி 1947-இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, கிராமத்துக்கு வந்துபோகாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். எல்லாச் சங்கத்தாலும் அது முடியாது. ஆனால் ஒரே ஊருக்கு ஐந்தாண்டு தொடர்ந்து போக எந்தச் சங்கத்தாலும் முடியும்.

நன்கொடையாளர்கள் மேடையையும் படத்தையும் எதிர்பார்க்கிறார்கள், விழா இல்லாவிட்டால் பணம் வராது என்பது அடுத்த மறுப்பு. விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த விழாவிலேயே போன ஆண்டின் நிலவரத்தைப் பத்து நிமிடம் படிக்கட்டும் என்கிறேன். தன் பணம் வேர்பிடித்ததைக் கேட்டவர் மறுமுறையும் கொடுக்க முன்வருவார். கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பது தர்மமா, வாங்கியவரை அது கூச வைக்காதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. திரும்பிப் போவது அவரைச் சோதிக்க என்றால் நிச்சயம் கூச வைக்கும். நம் வேலை சரியா என்று அவரிடமே கேட்கப் போனால், கேமரா இல்லாமல் போனால், அதுவே மரியாதை. தையல் இயந்திரம் மூலையில் கிடக்கிறதென்றால் ஆர்டர் கிடைக்காததோ பழுது பார்க்க வழியில்லாததோ காரணமாக இருக்கலாம். துணிக்கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் மாதாமாதம் தைக்கத் துணி கொடுத்தால் தீரக்கூடிய சிக்கல் அது. இதெல்லாம் அரசு செய்ய வேண்டியதல்லவா என்பாரும் உண்டு. செய்ய வேண்டியதுதான். ஆனால் அரசின் கண்ணில் தப்பும் ஒரு வீட்டை, ஒரு தெருவை அறிந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

ஆகவே வரும் ஜூலையில் பொறுப்பேற்கும் தலைவர்களிடம் என் வேண்டுகோள் சுருக்கமானது. நிகழ்ச்சி நிரலில் மூன்று தேதிகளைச் சேருங்கள்: போன ஆண்டு முகாமுக்கு வராதவர்களைத் தேடிப் போக ஒன்று, நட்ட கன்றுகளை எண்ண ஒன்று, உதவி பெற்ற வீடுகளுக்குச் சும்மா போய்வர ஒன்று. பதவி கைமாறும்போது, சங்கிலிப் பதக்கத்தோடு இந்த மூன்று நாளும் சொன்னவற்றை எழுதிய நோட்டையும் ஒப்படையுங்கள். ஓராண்டுத் தலைமையின் நல்லதே பலருக்கு வாய்ப்புக் கிடைப்பதுதான். அந்த நோட்டு இருந்தால், புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.