மூன்றாவது பிளக்



போன வாரம் என் உள்ளங்கையில் ஒரு கறுத்த இரும்புத் துண்டை வைத்துப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "என்ன டீச்சர், தொல்லியல் ஆராய்ச்சியா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். "பல் விழுந்துடுச்சா பெரியம்மா?" என்று ஒருத்தி. அது நம் வீட்டு மாருதி 800 என்ஜினுக்குள் உடைந்து மாட்டிக்கொண்ட ஸ்பார்க் பிளக்கின் அடிப்பாகம். அதை வெளியே எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் சிலர் போனில் என்னைத் திட்டினார்கள். "உடைச்ச பையன்கிட்டயே மறுபடியும் வண்டியைக் கொடுத்தியாமே, உனக்கென்ன பைத்தியமா?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பாடம் நடத்தியே பழகியவள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியை உங்களில் பலருக்குத் தெரியும். 1997 மாடல், வெள்ளை. சார் 2003-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு ஆறு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போன வண்டி. அந்த ஆறு பேரில் மூன்று பேர் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி டெல்லியில் முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியோடு 800 தயாரிப்பு நின்றுபோனது. நம் ஊரில் இன்னும் நாலைந்து ஓடுகின்றன.

சார் போன பிறகு வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். நான் விற்கவில்லை. இப்போது அது சும்மாவும் நிற்கவில்லை. என் பெரிய அக்காவுக்கு 74 வயது. திங்கள், வியாழன் இரண்டு நாளும் திருத்தணியில் டயாலிசிஸ். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்த பிறகு பஸ்ஸில் நின்று வர முடியாது. நான்தான் ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை திரும்பி வரும்போது வண்டி உதறியது. மேடு ஏறவில்லை. மாலையில் நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மூணு சிலிண்டர்ல ரெண்டுதான் அடிக்குது டீச்சரம்மா. பிளக்கைக் கழட்டிப் பார்க்கலாம்" என்றார். அவர் ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தார். பிளக் கழற்றும் வேலையைப் பையனிடம் சொன்னார்.

பையனுக்கு 17 வயது. பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு வந்தவன். அம்மா தறி வேலை. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். 1960 வரை ஆந்திராவில் இருந்த பகுதி இது. இங்கே பாதி வீடுகள் அப்படித்தான்.

முதல் இரண்டு பிளக் வந்துவிட்டன. மூன்றாவது அசையவில்லை. பையன் ஸ்பேனர் பிடியில் ஒரு நீளமான பைப்பைச் செருகி அழுத்தினான். "டக்" என்று ஒரு சத்தம். மேல் பாதி ஸ்பேனரோடு கையில் வந்தது. மரை உள்ள அடிப்பாகம் என்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பையன் முகத்தில் ரத்தம் இல்லை. அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அந்தத் தோளை 36 வருஷம் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார்.

"பைப் போட்டியா?"

"போட்டேண்ணா."

"சரி. பிளக்குக்குப் பைப் போடக் கூடாதுன்னு நான் உனக்குச் சொல்லியிருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு.

டீ குடிக்க வந்த ஒருவர், "ஹெட்டைக் கழட்டி லேத்துக்கு அனுப்பணும், ஒரு வாரம் ஆகும்" என்றார். இன்னொருவர், "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவா? எடைக்குப் போடுங்க" என்றார். எனக்கு வியாழக்கிழமைதான் கண்முன் நின்றது.

மெக்கானிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஹெட் இறக்காமலே எடுக்கப் பார்க்கலாம். புதன் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க. வரலைன்னா வியாழக்கிழமை காலைல நானே என் வண்டியில அக்காவைக் கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. எடுக்கிறதை அவன்தான் எடுக்கணும். நான் பக்கத்துல நிப்பேன். உங்க வண்டி, நீங்க வேணாம்னா நானே செய்யறேன்."

ஏன் என்று கேட்டேன். "இன்னிக்கு இவனை ஒதுக்கிட்டா, இனிமே எந்த பிளக்கைத் தொட்டாலும் இவன் கை நடுங்கும். நடுங்குற கைதான் உடைக்கும்" என்றார்.

நான் சரி என்றேன். இதற்குத்தான் திட்டு வாங்கினேன். நான் சும்மா தலையாட்டவில்லை. உடைந்தால் அடுத்து என்ன, துண்டு வராவிட்டால் என்ன, வியாழக்கிழமைக்கு என்ன வழி என்று மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பொறுப்பைத் தான் எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் பையனிடம் கொடுத்தார். சோதனைக்குழாயை உடைத்த பிள்ளையை அடுத்த வாரமும் சோதனை மேசைக்கு அழைக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே நான் படித்ததை இவர் படிக்காமலே செய்தார்.

அன்று இரவு எட்டு மணிக்குப் பையனின் அம்மா வீட்டுக்கு வந்தார். முந்தானையில் முடிந்த 1500 ரூபாய். "தப்பு அயிப்போயிந்தி அம்மா" என்றார். பணத்தை அவர் கையிலேயே திரும்ப மடித்து வைத்தேன். "வேலை இன்னும் முடியலம்மா. அவனை நாளைக்கு நேரத்தோட அனுப்புங்க" என்றேன். வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்றுதான் அவர் பயந்து வந்திருந்தார்.

இனி பிளக் விஷயம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

பிளக் என்பது பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கும் பொறி. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு பிளக்கும் 1500 முறை பொறி விடுகிறது. அதன் வெளிக்கூடு எஃகு. அது திருகி உட்காரும் என்ஜின் ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் வருஷக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் ஒட்டிக் கிடந்தால் அரித்துப் பற்றிக்கொள்ளும். அடியில் கரி படியும். முன்பு எங்கோ யாரோ அளவுக்கு மேல் இறுக்கியும் இருந்திருக்கிறார்கள். பையன் பைப் போடாமல் இருந்தாலும் அது சுலபமாக வந்திருக்காது.

முதல் இரவு ஒன்றும் செய்யவில்லை. துருப்பிடித்ததை இளக்கும் எண்ணெயை மரை ஓரத்தில் அடித்துவிட்டு, மேலே துணி மூடி வைத்தார்கள். செவ்வாய் காலையிலும் மாலையிலும் மறுபடி எண்ணெய். "சும்மா இருக்கிறதும் வேலைதான்" என்று பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மூன்று மணிக்கு நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

துண்டுக்குள் வெள்ளைப் பீங்கானின் நுனி மிச்சம் இருந்தது. அதைப் பீங்கான் என்று சொல்கிறோமே தவிர, இந்தக் காலத்துப் பிளக்கில் இருப்பது அலுமினா. மாணிக்கமும் நீலக்கல்லும் எதனால் ஆனவையோ அதே பொருள். வைரத்துக்கு அடுத்த கடினம். அதில் ஒரு சில்லு உள்ளே விழுந்து பிஸ்டனோடு ஏறி இறங்கினால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டியை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளினார்கள். ரோட்டர் மூன்றாம் நம்பரைக் காட்டியதும் நிறுத்தினார்கள். அப்போது பிஸ்டன் மேலே இருக்கும், வால்வு இரண்டும் மூடியிருக்கும். சில்லு விழுந்தாலும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். நுனியில் கிரீஸ் தடவிய கம்பியால் ஒவ்வொரு சில்லாக ஒட்டி எடுத்தான் பையன். எடுத்ததையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தான். சேர்த்துப் பார்த்தால் முழு நுனி கிடைக்கிறதா என்று பார்க்க.

பிறகு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வாங்கி வந்த ஹீட் கன்னால் ஹெட்டைச் சூடு பண்ணினார்கள். பக்கத்திலேயே கார்புரேட்டர் இருப்பதால் கேஸ் டார்ச்சை நெருங்கவே விடவில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பந்தும் வளையமும் சோதனை ஞாபகம் இருக்கிறதா? சூடாக்கினால் பந்து வளையத்துக்குள் நுழையாது, வளையத்தையும் சூடாக்கினால் நுழையும். வருஷா வருஷம் செய்து காட்டியிருக்கிறேன். அதேதான் இங்கே. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓட்டை துண்டைவிட அதிகம் அகலும், பிடி தளரும். "இது நாங்க ஏழாவதுல படிச்சோம் டீச்சர்" என்றான் பையன். மூன்று நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஒன்று மறக்காதீர்கள். முழுசாக இருக்கும் பிளக்கை என்ஜின் ஆறின பிறகுதான் கழற்ற வேண்டும். சூட்டில் அலுமினிய மரை கிழிந்துவிடும். சூடு காட்டுவது இப்படி உடைந்து சிக்கிய துண்டுக்குத்தான்.

அடுத்தது ஈஸி அவுட். நுனி கூம்பி, இடப்பக்கமாகச் சுழியும் மரை கொண்ட கருவி. துண்டின் ஓட்டையில் இறக்கி இடப்பக்கம் திருகினால், திருகத் திருக அது துண்டைக் கவ்வும். ஓங்கி அடித்து இறக்கக் கூடாது. துண்டின் சுவர் மெல்லியது, அடித்தால் விரிந்து இன்னும் இறுகிவிடும். அந்தக் கருவி உள்ளே உடைந்தால் அதைவிட ஆபத்து. டிரில் கூட ஏறாத கெட்டி எஃகு அது.

பையன் திருகினான். கருவி வழுக்கியது. மறுபடி எண்ணெய், மறுபடி பத்து நிமிஷம். இரண்டாம் முறை நூலளவு அசைந்தது. அவன் கண் பளிச்சென்றது. உடனே இழுக்கப் போனான். "நில்லு. வந்த வழியே திருப்பு" என்றார் மெக்கானிக். கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம். எண்ணெய். மறுபடி இடம், வலம். ஆறே கால் மணிக்கு அந்தத் துண்டு வெளியே வந்தது. யாரும் கைதட்டவில்லை. பையன் அதைத் துடைத்து என்னிடம் கொடுத்தான்.

என் மாணவன் ஒருவன் அமெரிக்காவில் கார் தொழிலில் இருக்கிறான். அவனிடம் சொன்னபோது, அங்கே இது பெரிய கதை என்றான். ஃபோர்டு கம்பெனியின் எஃப்-150 வண்டியில் 2004 மாடலிலிருந்து வந்த 5.4 லிட்டர் என்ஜினில் பிளக் கழற்றும்போது பல சமயம் அடிப்பாகம் உடைந்து உள்ளே நின்றதாம். இரண்டு துண்டாகச் செய்து இணைத்த நீளப் பிளக், அடியில் கரி பிடித்துக்கொள்ளும். கடைசியில் கம்பெனியே மெக்கானிக்குகளுக்குச் செய்முறைக் குறிப்பு அனுப்பியது. கால் சுற்றுக்கு மேல் அவிழ்க்காதே, கரி கரைக்கும் திரவம் ஊற்று, கால் மணி நேரமாவது ஊற விடு, பிறகு முன்னும் பின்னுமாக ஆட்டி எடு. நம் ஊர்க்காரர் செய்ததும் இதேதான். அவர் அந்தக் குறிப்பைப் படித்தவர் இல்லை.

துண்டு வந்த பிறகும் ஒரு மணி நேர வேலை இருந்தது. டேப்பின் பள்ளத்தில் கிரீஸ் அப்பி மரையைச் சுத்தம் செய்தார்கள், உலோகத் தூள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். மேல் மரை ஒன்று சேதம், மற்றவை நலம். மரை முழுதும் போயிருந்தால் கம்பிச் சுருள் மரை ஒன்றைப் புதிதாகப் பதிக்கலாமாம். மூன்று பிளக்கும் இல்லாமல், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஓட்டை மேல் துணி போட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினார்கள். உள்ளே மிச்சம் இருந்த தூசி காற்றோடு வெளியே வந்தது.

புதுப் பிளக்கைப் பையன் ஸ்பேனரால் தொடவே இல்லை. பிளக்கின் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் டியூபை மாட்டி, அதைப் பிடித்துத் திருகினான். மரை கோணலாக ஏறினால் டியூப் வழுக்கிவிடும், மரை கிழியாது. கையால் கடைசிவரை ஏறிய பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. அத்தோடு சரி.

மெக்கானிக் மூன்று பிளக்குக்கும் எண்ணெய்க்கும் மட்டும் பணம் வாங்கினார். கூலி வாங்கவில்லை. பையனுக்கு நான் தனியாகக் கொடுத்ததையும் வாங்க விடவில்லை. "அவன் உடைச்சான், அவன் எடுத்தான். கணக்கு சரியாப் போச்சு" என்றார்.

வியாழக்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வண்டி உதறவில்லை. அக்காவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. வழக்கம்போல, மெதுவாகப் போ என்றார்.

திட்டிய உறவுகளுக்கு என் பதில் இதுதான். நான் அந்தப் பையனை மட்டும் நம்பி வண்டியைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றவரை நம்பிக் கொடுத்தேன்.

உங்களில் பலர் இன்று கடை, பட்டறை, ஆபீஸ் என்று பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கிறீர்கள். புதிதாக வந்த பிள்ளை ஒன்றை உடைத்துவிட்டு நிற்கும்போது, வெளியே அனுப்புமுன் ஒரு முறை அதை அவன் கையாலேயே சரிசெய்ய வையுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். செலவு கொஞ்சம் ஆகும்.

பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள். இறுகினால் பைப் போட விடாதீர்கள். எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு அடுத்த முறை சித்திரையில். பையனிடம் தேதி சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பள்ளிப்பட்டு