தடாகத்து நீரும் தமிழாசிரியனும்

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியனாதலால் இலக்கண ஆராய்ச்சியோ இலக்கிய நயமோ எழுதி விடுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். அவற்றை என்னிலும் வல்லார் இம்மலரில் எழுதியிருப்பர். நான் எழுதப் புகுவது ஒரு நீச்சல் தடாகத்தின் நீரைப் பற்றி. எமது கல்லூரி அன்னைக்கு நான் பட்ட கடன்களுள் ஒன்று அந்த நீரிலேதான் கிடக்கின்றது.

நான் உயர்தரத்தில் முதன்முறை விஞ்ஞானம் கற்றவன் என்பது இன்று என்னுடன் பழகுவோர் பலருக்குத் தெரியாது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின் நாங்கள் ஊர் மீண்டபோது எமது ஆய்வுகூடத்தில் உடையாமல் எஞ்சியிருந்தவை சில குடுவைகளும் இரண்டு அளவிகளுமே. அமிலமும் காரமும் துளித் துளியாகவே எங்களுக்குக் கிடைத்தன. இரசாயன ஆசிரியர் ஒருவர், நியமிப்பின்போது அளவியின் திருகைத் திறக்கும் ஒவ்வொரு மாணவனின் விரலையும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சையில் எனக்குப் போதிய பேறு வரவில்லை. கலைப் பிரிவுக்கு மாறினேன். பின் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயின்று தமிழாசிரியனானேன். இரசாயனத்தோடு என் உறவு முடிந்துவிட்டதென்றே எண்ணியிருந்தேன்.

2018ஆம் ஆண்டு தை மாதத்தில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு, வெளிநாடுகளில் வாழும் அதன் பழைய மாணவர்கள் ஒரு நீச்சல் தடாகம் அமைத்துக் கொடுத்தனர். இருபத்தைந்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைந்த ஆழம். ஏறத்தாழ 3,50,000 லீற்றர் நீர் கொள்வது. அதனைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலைமேல் விழுந்தது. அதற்கு நான் பெற்றிருந்த தகுதிகள் இரண்டு: வீடு பாடசாலைக்கு அண்மையில் இருந்தமை ஒன்று; சிறு வயதில் நீந்தப் பழகியவன் என்பது மற்றொன்று.

எங்கள் குடாநாட்டு நீரின் இயல்பை வாசகர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் நமக்கில்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, கீழே நிற்கும் உவர் நீரின்மேல் நன்னீராக மிதந்து கிடக்கின்றது. அக்கல்லைக் கரைத்துக்கொண்டே அது நம் கிணற்றுக்கு வருதலால் வன்னீராகின்றது. கேத்திலின் அடியிற் படியும் வெள்ளை ஓடும், நுரைக்க மறுக்கும் சவர்க்காரமும் நம் வீட்டுச் சாட்சிகள். ஒரே கிணற்றிலிருந்து இறைத்தால் உவர் மேலேறிவிடும் என அஞ்சிப் பாதி நீரைக் கிணற்றிலிருந்தும் மீதியைப் பவுசர்களிலுமாகப் பெற்று, பல நாள் எடுத்து நிரப்பினோம். நிரம்பிய அன்று அந்த நீர் நீலப் பளிங்கு போலிருந்தது. தமிழில் நல்லியல்பை ‘நீர்மை’ என்று சொன்னவர்கள் இத்தகைய நீரைப் பார்த்தே சொல்லியிருப்பர் என்று மாணவரிடம் பெருமையாகக் கூறினேன்.

தடாகத்துக்குரிய மருந்துகளை அனுப்பியவர்கள் ஓர் அறிவுறுத்தற் தாளையும் உடன் அனுப்பியிருந்தனர். புதிதாக நிரப்பிய நீருக்கு முதலில் இன்ன அளவு சோடியம் காபனேற்று இடுக, பின்னர்க் குளோரீன் தூள் இடுக என்று அதில் எழுதியிருந்தது. அத்தாள் மென்னீர் கிடைக்கும் நாட்டாருக்காக எழுதப்பட்டது என்பதை நான் சிந்திக்கவில்லை. நீரைச் சோதிக்கும் சிறு பெட்டி ஒன்றும் வந்திருந்தது, அதனைத் திறக்கவுமில்லை. இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றை அவிழ்த்து, மாணவர் இருவர் துணையுடன் கொட்டினேன். மாலையில் குளோரீன் தூளும் இட்டேன். மறுநாட் காலையில் தடாகம் பால் நிறமாக இருந்தது. ஆழமான பகுதியின் அடியிலிருக்கும் வடிகால் மூடி தெரியவில்லை. இடுப்பளவு நீரிலே கூட அடி தெரியவில்லை.

திறப்பு விழா அதற்கு அடுத்த நாள். அழைப்பிதழ்கள் போய்விட்டன, முகூர்த்தமும் குறித்தாயிற்று. “மருந்து போட்ட நிறந்தானே, பரவாயில்லை” என்றார் ஒருவர். அடி தெரியாத நீரில் பிள்ளைகளை இறக்கலாகாது என்பதை நான் அறிவேன். அறிந்தும் வாய் திறந்திலேன். மூட்டையைக் கொட்டிய கை என்னுடையதாகையால், சொல்ல நா எழவில்லை. இதனை இங்கே எழுதுவதற்கே இத்தனை ஆண்டுகள் சென்றன.

பன்னிரு மாணவர்கள் ஒரே சமயத்தில் குதித்தனர். கைதட்டல் ஓய்ந்தபின் தலைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன், பதினொன்றுதான். உடுத்த வேட்டியுடனே குதித்தேன். கண் திறந்தாலும் வெண்மையன்றி வேறொன்றும் புலப்படவில்லை. கைகளால் அடியைத் துழாவினேன். மேலே வந்து மூச்செடுத்து இரண்டாம் முறை இறங்கியபோது ஒரு தோள் என் கைக்குப் பட்டது. ஏழாந்தரப் பிள்ளை. வெளியே எடுத்துக் கிடத்தியதும் இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். வைத்தியசாலையில் ஓரிரவு வைத்திருந்து நலமே என்று அனுப்பினர். அவனுடைய தாயார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைச் சுட்டது போல் வேறெதுவும் சுட்டதில்லை.

தடாகம் பூட்டப்பட்டது. அந்த வார இறுதியில் ஒரு போத்தலில் அந்த நீரை எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்று ஊரிலிருந்த எமது பழைய இரசாயன ஆசிரியரைத் தேடிச் சென்றேன். முழுக் கதையையும் குறுக்கிடாமற் கேட்டார்.

“தம்பி, நீர் முதலில் என்னத்தை அளந்தீர்?” என்றார்.

“ஒன்றையும் அளக்கவில்லை, சேர்.”

“அளக்காமல் மருந்து போட்டீரோ?”

அவ்வளவுதான் அவர் கண்டித்தது. பின்னர் உள்ளே சென்று ஓர் அளவியைக் கொண்டுவந்தார்.

நூறு மில்லிலீற்றர் நீரில் மெதையிற் செம்மஞ்சள் இட்டு, நூறிலிரண்டு நேர்த்திறன் கொண்ட அமிலத்தைத் துளித் துளியாக விடச் சொன்னார். நிறம் மாறியபோது 26 மில்லிலீற்றர் சென்றிருந்தது. அவ்வலிமையுள்ள அமிலத்தில் ஒரு மில்லிலீற்றர் பத்துப் பங்குக்குச் சமம். ஆகவே நீரின் மொத்தக் காரத்தன்மை பத்து இலட்சத்துக்கு 260 பங்கு. நீச்சல் தடாகத்துக்கு 80 முதல் 120 வரையே வேண்டும். நான் கொட்டிய மூட்டை மட்டும் அதில் ஏறத்தாழ 67 பங்கைச் சேர்த்திருந்தது. பீ. எச். பெறுமானத்தைப் பீனோல் சிவப்பினாற் பார்த்தோம்; நிறம் அட்டையின் மேல் எல்லையைத் தொட்டு நின்றது. 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருக்க வேண்டியது 8.2ஐயும் கடந்திருந்தது.

அப்பொழுதுதான் பால் நிறத்தின் காரணம் விளங்கியது. சுண்ணாம்புக்கல்லிலிருந்து வந்த கல்சியம் நீரில் ஏற்கெனவே நிறைந்திருந்தது. நிலத்தடியில் அதனைக் கரைத்து வைத்திருந்தது காபனீரொட்சைட்டு. திறந்த தடாகத்தில் அவ்வாயு மெல்ல வெளியேற, பீ. எச். தானாகவே உயரத் தொடங்கியது. அந்நிலையில் நான் காபனேற்றையும் கொட்டினேன். கல்சியமும் காபனேற்றும் சேர்ந்து நுண்ணிய சுண்ணத் தூளாகி நீரெங்கும் மிதந்தன. கேத்திலில் நெருப்பு செய்யும் வேலையைத் தடாகத்தில் நான் செய்துவிட்டேன். நீர் சுண்ணத்தை உதிர்க்குமா, அன்றிச் சுவரையே அரிக்குமா என்பதைப் பீ. எச்., வெப்பநிலை, கல்சியம், காரத்தன்மை, கரைந்த உப்புகள் ஆகியவற்றிலிருந்து கணித்தறியும் முறையை 1936இல் லாங்கிலியர் என்னும் அமெரிக்கர் வெளியிட்டார். கல்சியம் போதாத நீர் பசித்த நீர், சீமெந்தைத் தின்னும். நம் நீரோ உண்டது செரியாத நீர்.

“இனி மருந்து போடுகிறதெண்டால் முதலில் ஒரு வாளித் தண்ணீரிலே போட்டுப் பாரும். வாளி கலங்கினால் வாளித் தண்ணீர்தானே போகும்” என்றார் ஆசிரியர்.

காரத்தன்மையைக் குறைக்க ஐதரோக்குளோரிக் அமிலம் வேண்டும். கணக்குப் போட்டோம். எமது தடாகத்தில் பத்துப் பங்கு குறைய, நூற்றுக்கு 32 வீதச் செறிவுள்ள அமிலம் ஏறத்தாழ ஏழு லீற்றர். 260ஐ 120 ஆக்கப் பதினான்கு முறை. ஒரே நாளில் அத்தனையையும் ஊற்றினால் பீ. எச். படுகுழியில் விழும், பம்பியும் குழாய்களும் அரிபடும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு முறை, மாலையில், பம்பி ஓடிக்கொண்டிருக்க, கையுறையும் கண்ணாடியும் அணிந்து, வாளி நீரிலே அமிலத்தை ஊற்றி நீர்த்து, ஆழமான பகுதியில் விட்டேன். அமிலத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது என்று அந்தக் காலத்தில் எங்கள் காதைத் திருகிச் சொன்ன குரல் ஒவ்வொரு மாலையும் கேட்டது. அமிலப் பரணிகளையும் குளோரீன் வாளிகளையும் வெவ்வேறு அறைகளில் வைத்துப் பூட்டினேன். இரண்டும் கலந்தால் எழும் குளோரீன் வாயு, 1915இல் ஈப்பர் போர்க்களத்தில் படைகளைக் கொல்ல விடப்பட்ட அதே வாயு.

அமிலம் பீ. எச். பெறுமானத்தையும் உடன் இழுத்து இறக்கும். அதனை மறுபடி உயர்த்தச் சோடா இடவேண்டியதில்லை. நீர் திரும்பும் வாய்களை மேல்நோக்கித் திருப்பிக் கொப்பளிக்கவிட்டால், காபனீரொட்சைட்டு வெளியேறி அது தானே உயரும், காரத்தன்மை உயராது. மிதந்த சுண்ணத்தில் ஒரு பகுதி கரைந்தது. மீதியை மணல் வடிகட்டி பிடித்தது. அம்மணலை நாடோறும் பின்னோட்டமாகக் கழுவினோம். பத்தாம் நாள் வடிகால் மூடி ஒரு நிழல் போலத் தெரிந்தது. பதினாறாம் நாள் அதன் கம்பிகளை எண்ண முடிந்தது.

குளோரீனைக் கடைசியிலேயே இட்டோம். அதன் கிருமி கொல்லும் ஆற்றல் பீ. எச். பெறுமானத்தைப் பொறுத்தது. 7.5இல் அதன் பாதி வேலை செய்யும் வடிவில் நிற்கும். 8இல் காற்பங்கு மட்டுமே. முன்னர் நான் இட்ட தூளிற் பெரும்பகுதி சும்மா கிடந்ததென்க. நம் ஊர் வெயிலோ காப்பில்லாத குளோரீனின் பாதியை ஒரு மணி நேரத்துக்குள் அழித்துவிடும். அதற்குக் காப்பாகப் பத்தரைக் கிலோ சயனூரிக் அமிலம் இட்டோம். பத்து இலட்சத்துக்கு 30 பங்கு. இதனை அளவுக்கு மிஞ்சி இட்டால் காப்பே விலங்காகி, குளோரீனை வேலை செய்ய விடாது. குளோரீன் மிகுதியாற் கண் சிவக்கிறது என்பது பலரின் எண்ணம். வியர்வையும் சிறுநீரும் குளோரீனுடன் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களே பெரும்பாலும் அதற்குக் காரணம். இதனை மாணவருக்குச் சொன்ன நாள்தொட்டு, குளித்துவிட்டு நீரில் இறங்கும் வழக்கம் வியக்கத்தக்க அளவு பெருகியது.

கீரிமலைக் கேணியில் நீந்திய எம்போன்றோருக்கு இவையெல்லாம் வீண் ஆரவாரமாகத் தோன்றும். அங்கே ஊற்று ஓயாமற் சுரக்க, பழைய நீர் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும்; இங்கே போகும் வழியின்றி அதே நீர் சுற்றிச் சுற்றி வருகின்றது. கல்சியத்தை மட்டும் எந்த மருந்தாலும் எங்களால் வசதியாக நீக்க முடியவில்லை. ஐப்பசி மழை வந்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

வைகாசியில், விழா எதுவுமின்றி, தடாகத்தை மீண்டும் திறந்தோம். வடிகால் மூடியின் கம்பிகள் கரையிலிருந்து தெரியாத நாளில் யார் சொன்னாலும் ஒருவரும் இறங்குவதில்லை என்று அதிபரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். அவர் மறுப்பொன்றும் கூறாமற் கையொப்பமிட்டார். அந்தப் பிள்ளை சில வாரங்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு நாட் காலையில் நான் பீனோல் சிவப்பைத் துளியிடும்போது அருகே வந்து, “சேர், நான் பார்க்கட்டே?” என்றான். குழாயை அவன் கையிற் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்து, “ஏழு தசம் நாலு” என்றான். சரியாகத்தான் இருந்தது. அவன் உயர்தரம் முடித்துப் பாடசாலையை விட்டு விலகும்வரை காலைச் சோதனையை அவனே செய்தான். அமில வாளியை மட்டும் நான் தொடவிட்டதில்லை.